திருவாலங்காட்டுப் பெட்டி

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பன்னிரண்டு பத்துக்குத் திரையின் மூலையில் ஒரு சிவப்புக் கோடு வந்து விழுந்தது. திருவாலங்காடு, நெய்பர் டவுன். நாலு விநாடி கழித்து அதன் தலைமேல் ஒரு மஞ்சள் கோடு. திருவாலங்காடு, நெய்பர் ஒன்வே.

தமயந்தி டிபன் டப்பாவின் மூடியைக் கையில் பிடித்தபடி அதைப் பார்த்தாள். திருவாலங்காட்டில் இப்போது பெட்டி ஏதும் இல்லை. கழற்றிக் கொண்டுவந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கொண்டுவந்த பெட்டி அவள் முதுகுக்குப் பின்னால், இரும்பு அலமாரியின் நடுத்தட்டில், பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறது. அதற்கு மின்சாரம் இல்லை. ஒயரும் இல்லை.

திருத்தணி மலையடிவாரத்துத் தெரு ஒன்றில், மாடியில் இருக்கிறது அந்த ஆபீஸ். சுற்றுவட்டாரத்துக் கிராமங்களுக்கு இன்டர்நெட் லைன் கொடுக்கும் சின்னக் கம்பெனி. முதலாளி கஜபதி பாதி நாள் வெளியில்தான் இருப்பார். தமயந்தி ஆறு வருடமாக அங்கே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் வேலையே அதுதான். ஊருக்கு ஒரு ரௌட்டர் பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் தன் நெய்பருக்கு, அதாவது பக்கத்துப் பெட்டிக்கு, பத்து விநாடிக்கு ஒரு தடவை ஹலோ சொல்லிக்கொண்டே இருக்கும். ஹலோ நின்றுபோனால் அது டவுன். ஹலோ நமக்குக் கேட்கிறது, ஆனால் நாம் சொல்வது அந்தப் பக்கம் கேட்கவில்லை என்றால் ஒன்வே. இரண்டு பேருக்கும் கேட்டால் டூவே. கேட்டு, பேசி, இருப்பதையெல்லாம் ஒன்றுக்கொன்று ஒப்படைத்துச் சேர்ந்துவிட்டால் ஃபுல். அப்புறம் திரை பச்சையாகிவிடும்; யாரும் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள். பக்கத்துத் தடுப்பறையில் பெரிய ரௌட்டர் இரைந்துகொண்டிருந்தது. திருவாலங்காட்டு லைன் சொருகியிருந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தாள். காலியாக இருந்தது. அதன்மேல் விளக்கு எரியவில்லை. ஓட்டையின் வாயில் தூசி படிந்து, ஒரு சின்ன எட்டுக்கால் பூச்சி நூல் கட்டியிருந்தது.

திரும்பி வந்தபோது திரையில் மேலும் நாலு கோடுகள். சிவப்பு, மஞ்சள். சிவப்பு, மஞ்சள். காலையிலிருந்து அணைக்காத ஏசியின் கீழே உட்கார்ந்திருந்தும் அவளுக்குப் பிடரியில் வேர்த்தது. மூன்று தடவை மின்னிவிட்டு நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி மூன்று தடவை.

அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும்.

ஆடிக் கிருத்திகை அன்று கேட்ட தாளம் அது. அன்றைக்குத் தெருவே காவடியாக இருந்தது. பம்பை அடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பூவும் கற்பூரமும் மனித வேர்வையும் கலந்த வாசனை மாடிவரை ஏறி வந்தது. கம்பெனியின் லைன்மேன் பரந்தாமன் காலையிலேயே திருவாலங்காட்டுக்குப் போயிருந்தார். கரும்புத் தோட்டத்து நடுவில், பழைய கப்பல் கண்டெய்னர் ஒன்றில்தான் அந்த ஊரின் பெட்டி இருந்தது. மாலை போட்டிருந்தார். ரெண்டு மணிக்குள் வந்துவிடுவேன், சாயங்காலம் காவடி எடுத்துக்கொண்டு மலை ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பன்னிரண்டு மணி சுமாருக்குத் திருவாலங்காடு டவுன் ஆனது. உடனே அப். உடனே டவுன். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் கூவியது. மூன்று தடவை கூவும், நிற்கும், மூன்று தடவை கூவும். ஏதோ ஒயர் லூசாக இருக்கிறது, பரந்தாமன் அண்ணன்தான் அங்கே இருக்கிறாரே, பார்த்துக்கொள்வார் என்று அவள் நினைத்தாள். ஒரு தடவை அவர் செல்லுக்குப் போட்டாள். மணி அடித்து நின்றது. கீழே ராணிப்பேட்டையிலிருந்து அவள் அக்காவும் அக்கா புருஷன் பாவாவும் காவடியோடு வந்து நின்று கையசைத்தார்கள். மறுபடி கூவல். தமயந்தி அந்த ஊரின் பெயர்மேல் மௌஸை வைத்து மியூட்டை அழுத்தினாள். படி இறங்கிப் போய்ப் பாவாவின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். அவர்களோடு அன்னதானப் பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சர்க்கரைப் பொங்கல் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

ரெண்டரைக்குத் திரும்பி வந்தபோது திருவாலங்காடு டவுனிலேயே நின்றிருந்தது. கரண்டு போயிருக்கும் என்று நினைத்தாள்.

இருட்டுகிற நேரத்தில்தான் போய்த் திறந்தார்கள். கண்டெய்னர் கதவு காற்றில் அடித்துத் தானாகச் சாத்தித் தாழ் விழுந்திருந்தது. உள்பக்கக் கைப்பிடி உடைந்து நாளாகியிருந்தது. செல்போன் வெளியே பைக்கின் பெட்டியில். ஆடி வெயிலில் இரும்புப் பெட்டி. கரண்டு இல்லாமல் ஏசி நின்றிருந்தது. பேட்டரியில் ரௌட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சுற்றி இருந்த சனமெல்லாம் கிருத்திகைக்குத் திருத்தணி போய்விட்டதால் அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

போலீஸ்காரர் எடுத்த போட்டோவைக் கஜபதி காட்டினார். எல்லோரும் கதவருகில் கிடந்தவரைப் பார்த்தார்கள். தமயந்தி ரௌட்டரைப் பார்த்தாள். அதிலிருந்து பிடுங்கிய ஒயரின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. கத்தியும் பயனில்லாதவர், கூப்பிடப் போன் இல்லாதவர், இருந்த ஒரே வழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒயரைப் பிடுங்கினால் தமயந்தியின் திரையில் சிவப்பு வரும் என்று அவருக்குத் தெரியும். சொருகினால் பச்சை வரும். அவள் அங்கே உட்கார்ந்திருப்பாள், பார்ப்பாள், ஆள் அனுப்புவாள்.

அன்று ராத்திரி அவள் தனியாக, அலாரமெல்லாம் பதிவாகும் லாகைத் திறந்து எண்ணினாள். நாற்பத்தொரு தடவை. முதலில் வேகமாக, போகப்போக இடைவெளி விட்டு. கடைசி இரண்டுக்கும் நடுவில் பதினோரு நிமிடம். எண்ணி முடித்ததும் அந்த நாளை மொத்தமாக அழித்தாள். அலாரம் ஏதாவது வந்ததா என்று கேட்டவர்களிடமெல்லாம் வரவில்லை என்றாள். அலாரம் வரவில்லை என்றால் ஆள் அசையாமல் கிடந்திருக்கிறார். அசையாமல் கிடந்தார் என்றால் குடித்துவிட்டுப் படுத்திருப்பார். ஊரே அப்படித்தான் முடிவு கட்டியது. மாலை போட்டுக்கொண்டு குடித்தவன் என்று அவர் தெருவிலேயே பேசினார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் மனைவி தேவயானி ஆபீசுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“போனு வண்டியில இருந்துச்சின்னு சொல்றாங்க. சரி. வேற எப்பிடியாச்சும் கூப்ட்டாராம்மா? உன் கம்ப்யூட்டருல எதனா வந்துச்சா?”

“ஒண்ணும் வரலக்கா” என்றாள் தமயந்தி.

தேவயானி தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கிப் போனாள். அவள் செருப்புச் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது.

புதன்கிழமையும் பன்னிரண்டு பத்துக்கு அது வந்தது. வியாழனும் வந்தது. வியாழக்கிழமை கஜபதி ஆபீசில் இருந்தார். தமயந்தி அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையருகே குனிந்தார். அம்மையார்குப்பம், கே.ஜி.கண்டிகை, ஆர்.கே.பேட்டை என்று ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டுக்கொண்டு வந்தார். அவர் விரல் சிவப்புக் கோட்டின்மேலேயே ஊர்ந்து போனது.

“எங்கம்மா இருக்குது? எல்லாம் பச்சையா தானே ஓடிகினு இருக்குது.”

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ரெண்டு நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் படு என்றார். போகும்போது கதவருகில் நின்று, அப்படி ஏதாவது வந்தால் மியூட் பண்ணிவிட்டு வேலையைப் பார் என்றும் சொன்னார்.

அவள் லீவு போடவில்லை. வீட்டில் இருந்தால் அது வந்ததா இல்லையா என்று தெரியாது. தெரியாமல் இருப்பது இன்னும் மோசம் என்று பட்டது. வெள்ளிக்கிழமை ஏசியை முழுக் குளிரில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு மணி ஆக ஆக அறைக்குள் ஒரு வாசனை எழுந்தது. முதலில் காய்ந்த இரும்பு. பிறகு சூடேறிய ரப்பர். அப்புறம் அதற்கெல்லாம் அடியில், ஜன்னல் அடைத்த பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவரிடமிருந்து வருமே, அந்த மாதிரி மனித வேர்வை. வாசனை முதுகுப் பக்கமிருந்து வந்தது. நாற்காலியை மெல்லத் திருப்பினாள்.

அலமாரியின் நடுத்தட்டில் பெட்டி சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவர் வெளுத்துப் போயிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள். உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. சின்னச் சின்னத் துளிகள் சேர்ந்து, கனத்து, கவரின் உட்சுவரில் கோடு போட்டுக்கொண்டு இறங்கின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கவர் கொஞ்சம் உப்பியது. பிறகு ஒட்டியது. பிறகு உப்பியது.

அவள் கை மௌஸுக்குப் போனது. திருவாலங்காடு என்ற பெயரின்மேல் அம்பு நின்றது. மியூட். ஒரு அழுத்து. அன்றைக்கு இந்த விரல்தான் அழுத்தியது. இன்றைக்கு அது மடங்கவில்லை.

சனி, ஞாயிறு ஆபீஸ் இல்லை. கண்ணை மூடினால் நாற்பத்தொன்று வரை எண்ணிக்கொண்டிருந்தாள். சோற்றில் கைவைத்தால் சர்க்கரைப் பொங்கலின் நெய் வாசனை அடித்தது.

திங்கட்கிழமை பன்னிரண்டு பத்துக்குக் கோடுகள் விழ ஆரம்பித்ததும் அவள் வேறொன்று செய்தாள். ஒவ்வொரு அலாரத்துக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம் உண்டு. அலாரத்தைப் பார்த்தவர், பார்த்தேன் என்று அதில் எழுத வேண்டும். ஆடிக் கிருத்திகை அன்று அவள் எழுதாத கட்டம். அழுதுகொண்டே தட்டினாள். ‘அண்ணா, பார்த்தேன். கேட்கிறது.’ தட்டிவிட்டு எண்டரை அழுத்தினாள்.

கோடுகள் நின்றன.

ரௌட்டரின் இரைச்சல், ஏசியின் இரைச்சல், தெருவில் போன ஆட்டோவின் சத்தம், எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போல அமுங்கின. பின்னால் கவர் சரசரவென்று ஒருமுறை ஒட்டிக்கொண்ட சத்தம். அப்புறம் உப்பவில்லை. திரையில் ஒரே ஒரு கோடு புதிதாக வந்தது.

திருவாலங்காடு, நெய்பர் டூவே.

இருவருக்கும் கேட்கிறது.

அவள் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். அன்று ராத்திரி முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். இதற்கு ஒரே வழி தேவயானியிடம் போய்ச் சொல்லிவிடுவது. வேலை போகட்டும், போலீஸ் வரட்டும். அந்த மனுஷன் குடிக்கவில்லை, உயிரோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று அவர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். செவ்வாய்க்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் கே.ஜி.கண்டிகைக்குப் போய் இறங்கினாள். டீக்கடைக்குப் பின்னால் மூன்றாவது வீடு பரந்தாமனுடையது. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

ஷீட் போட்ட வீடு. ஒரே அறை, பின்னால் அடுப்படி. தேவயானி அவளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. பாய் விரித்து, தண்ணீர் கொடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள். மகள் அம்மு பள்ளிக்கூடம் போயிருந்தாள். சுவரில் மாலை போட்ட படம். மூலையில் பழைய வேட்டி சுற்றிய காவடி. வேட்டிக்கு மேலே மயிலிறகு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே, கம்பெனி கொடுத்த சின்ன வைஃபை பெட்டி. அதில் ஒரு பச்சை விளக்கு.

“நல்ல நேரத்துல வந்த. இப்ப பாரு” என்றாள் தேவயானி.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து. விளக்கு அணைந்தது. எரிந்தது. மூன்று தடவை. நின்றது.

“ஒரு வாரமா இப்பிடித்தான், மத்தியானமானா மின்னிகினே இருக்குது. அம்முகிட்ட சொல்லல. நைனா வந்துகினு இருக்காருன்னு சொன்னா புள்ள பயந்துடும்.”

“நீங்க பயப்படலியாக்கா?”

“எனக்கின்னா பயம். பதினெட்டு வருசம் கூட இருந்த ஆளு.” விளக்கைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “ஆனா நேத்துலேர்ந்து வேற மாதிரி இருக்குது. மின்னி முடிச்சதும் ரூமு சூடாவுது. ஆளு வந்து நின்னாப்புல.”

விளக்கு மறுபடி மூன்று தடவை மின்னியது. தேவயானி திரும்பி அவள் கையைப் பிடித்தாள். உலர்ந்த, காய்ப்பு விழுந்த கை.

“இது இன்னான்னு உனக்குத்தான் தெரியும் தமயந்தி. அன்னைக்கும் இப்பிடித்தான் வந்துச்சா? அவரு கூப்ட்டாரா?”

சொல்ல வேண்டியது நாக்கின் நுனியில் இருந்தது. பஸ்ஸில் வந்தபோது முழுசாக இருந்தது. ஆனால் அந்தக் கண்கள் இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கேட்டதும் அந்தக் கை தன் கையை விட்டுவிடும் என்று தோன்றியது. அதற்கப்புறம் அந்த முகம் எப்படி ஆகும் என்று தோன்றியது. ஒரு கணம்தான்.

“லைன் ஃபால்ட்டுக்கா” என்று அவள் வாய் சொன்னது. “பழைய ஒயரு. மாத்திட்டா சரியாயிடும்.”

சொல்லி முடித்தபோதுதான் நினைவுக்கு வந்தது. இப்போது அவருக்கும் கேட்கும்.

பைக்குள் அவள் செல்போன் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. எடுக்காமலே அதில் என்ன வந்திருக்கும் என்று தெரிந்தது. விளக்கு மின்னுவதை விட்டுவிட்டு அசையாமல் எரிய ஆரம்பித்தது. முழுப் பச்சை. ஃபுல்.

வாசல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த டீக்கடைப் பேச்சு நின்றது. மேலே ஷீட் ஒருமுறை படாரென்று விரிந்து அடங்கியது. சூடு மெல்ல வரவில்லை. கதவைத் திறந்தது போல வந்தது. இரும்பு. ரப்பர். வேர்வை.

தேவயானி கையை விட்டாள். அவள் தமயந்தியைப் பார்க்கவில்லை. தமயந்திக்கு முன்னால், ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் இளகியது. எழுந்து போய் ஆணியில் மாட்டியிருந்த பனையோலை விசிறியை எடுத்து வந்தாள்.

“இப்பிடி வேர்த்துகினு நிக்கறாரே” என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. வீட்டு ஆளிடம் பேசுகிற குரல். “நீ சொல்லும்மா. அவரும் கேட்டுகினுதான் இருக்காரு.”

விசிற ஆரம்பித்தாள்.

தமயந்தி வாயைத் திறந்தாள். பார்த்தேன் அக்கா. நான்தான். வார்த்தைகள் இருந்தன. காற்று இல்லை. மூச்சை இழுத்தால் அனல் மட்டும் வந்தது.

விசிறி போய் வந்தது. தேவயானியின் நெற்றி முடி பறந்தது. பின்னால் சுவரில் காலண்டர் தாள் படபடத்தது. தமயந்தியின் மேல் ஒரு துளிக் காற்றும் படவில்லை. நடுவில் எதன்மேலோ மோதி அது நின்றுவிட்டது.

காற்று நின்ற இடத்துக்கு நேர் கீழே, சிமெண்டுத் தரையில், ஒரு சொட்டு விழுந்தது. காய்ந்தது. அதற்கு இந்தப் பக்கம் இன்னொன்று விழுந்தது. தேவயானி கை மாற்றிக்கொண்டு இன்னும் வேகமாக விசிறினாள்.

அடுத்த சொட்டு தமயந்தியின் புறங்காலில் விழுந்தது. சுட்டது.